நீர்வேலிப் பம்பும் நாலு டொலர் புரோப்பும்

மேசையில் இரண்டு சர்க்கிட் போர்ட் பக்கம் பக்கமாகக் கிடந்தன. ஒன்று பெரியப்பாவின் சோலார் பம்பு இன்வேர்ட்டரினுடையது. சித்திரைக் கடைசியில் யாழ்ப்பாணத்து நீர்வேலிப் பக்கம் விழுந்த இடியோடு நின்றுபோனது. மற்றது அடுத்த தோட்டத்து அண்ணையினுடையது. இரண்டும் ஒரே நாளில் ஒரே இடத்தில் வாங்கியவை. போர்ட்டில் அச்சிட்டிருக்கும் பதிப்பு எண்கூட ஒன்றுதான். நல்லாக ஓடிக்கொண்டிருந்த தன்னுடைய இன்வேர்ட்டரை அண்ணை கழற்றித் தந்ததே பெரிய காரியம்.

“தம்பி, விடிய ஏழு மணிக்கு எனக்கு இது திரும்பப் பூட்டவேணும். சோளகம் துவங்கீட்டுது. இப்ப தண்ணி விடாட்டில் வாழைக்குலை சிறுத்துப்போம்.”

“ஓம் அண்ணை. ஏழுக்கு முதல் கொண்டு வாறன்.”

பெரியப்பாவின் போர்ட்டில் 3.3 வோல்ட் லைனுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் மீற்றர் 2 ஓம் காட்டியது, அதாவது ஷோர்ட். ரெகுலேற்றரைக் கழற்றிவிட்டு வெளியிலிருந்து கொஞ்சமாகக் கரண்ட் கொடுத்துப் பார்த்தேன். விரல் வைத்தால் சுடுகிற ஒரே பாகம் போர்ட்டின் மூளையான மைக்ரோகொன்ட்ரோலர்தான்: எஸ்ரிஎம்32 எஃப்103 சி8ரி6, 48 கால், புரோகிராம் இருக்கும் ஃபிளாஷ் நினைவகம் 64 கிலோபைட். சிப்பை எங்கேயும் வாங்கலாம். அதற்குள் இருக்கும் புரோகிராமை வாங்க முடியாது. விற்ற இடத்தில் கேட்டால், அந்த மொடல் இப்போது வருவதில்லை, புதிதாக ஒன்று எடுங்கள் என்கிறார்கள். 2022 இன் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் அந்த வருடமே 350 ஐத் தாண்டியதற்குப் பிறகு, ஒரு தோட்டக்காரரிடம் “புதிதாக எடுங்கள்” என்று சொல்வது எனக்கு வாயில் வராத பேச்சு. ஓடுகிற போர்ட்டிலிருந்து புரோகிராமை வாசித்து, புதுச் சிப்பில் எழுதிப் பெரியப்பாவின் போர்ட்டில் வைப்பதுதான் திட்டம்.

வாசிப்பதற்கு ஒரு டிபக் புரோப் வேண்டும், கொம்பியூட்டருக்கும் சிப்புக்கும் நடுவில் நின்று உள்ளே பார்க்க விடும் சின்னக் கருவி. என்னிடம் இருந்தது பென்ட்ரைவ் மாதிரி அலுமினியக் கூட்டில் வரும் எஸ்ரி-லிங்க் நகல்; எஸ்ரி-லிங்க் என்பது எஸ்ரிஎம்32 சிப் செய்கிறவர்களின் சொந்தப் புரோப். அதை வைத்தே முடித்துவிடலாம் என்று நம்பி அந்த இரவைத் தொடங்கினேன்.

புரோப்பைத் தொடுவதற்கு முன் ஒரு விடயம். இந்தவகை இன்வேர்ட்டருக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் நேரோட்ட மின்சாரம் (டிசி) வருகிறது. அதைவிட ஆபத்தானது, பலவற்றில் மைக்ரோகொன்ட்ரோலரின் கிரவுண்ட் அந்த உயர் மின்னழுத்தத்தின் மைனஸோடு நேரடியாகச் சேர்ந்திருக்கும். பனல் பூட்டியபடி யூஎஸ்பி புரோப்பைக் கொழுவினால் கொம்பியூட்டரும் போகும், கொழுவியவரும் போகலாம். பனலை முழுதாகக் கழற்றி அரை மணித்தியாலம் கழித்தும் பெரிய கபாசிற்றர்களில் மீற்றர் 60 வோல்ட் காட்டியது. இரண்டு வயர் வைத்த பழைய 100 வோட் குண்டு பல்ப் ஒன்றை இதற்காகவே வைத்திருக்கிறேன். அதைக் குறுக்கே பிடித்து, மீற்றர் 1 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகுதான் கொன்ட்ரோல் போர்ட்டை வெளியே எடுத்தேன். மேசையில் அதற்குக் கிடைத்தது பென்ச் சப்ளையிலிருந்து 3.3 வோல்ட் மட்டும், 150 மில்லிஅம்பியர் எல்லையோடு.

இனிக் கால்களைத் தேடுவது. இந்தச் சிப்பில் எஸ்டபிள்யூடி என்ற டிபக் இணைப்புக்குத் தரவு லைன் ஒன்று, குளொக் லைன் ஒன்று, கிரவுண்ட், ஆக மூன்று வயர் போதும். சிப்பின் மூலைப் புள்ளியிலிருந்து இடஞ்சுழியாக எண்ணிக்கொண்டு போனால் 34 ஆவது கால் தரவு, 35 கிரவுண்ட், 36 சப்ளை, 37 குளொக். நாலும் அடுத்தடுத்து ஒரு மூலையைச் சுற்றி இருக்கின்றன. ஒருமுறை பார்த்தால் மறக்காது. 34 இல் மீற்றர் ஊசியை வைத்துக்கொண்டு, போர்ட் ஓரத்தில் பின் பூட்டாமல் விட்டிருந்த ஐந்து ஓட்டைகளையும் மற்ற ஊசியால் தடவினேன். இரண்டாவதில் ‘பீப்’ என்றது. 37 நான்காவதில். 7 ஆவது கால், சிப்பைத் திரும்ப முதலிலிருந்து தொடங்கவைக்கும் ரீசெற், ஐந்தாவதில். போர்ட்டை வடிவமைத்தவர் தன் தேவைக்கு வைத்த வாசல் அப்படியே கிடந்தது.

நகல் எஸ்ரி-லிங்கின் கூட்டில் அச்சிட்டிருக்கும் பின் ஒழுங்கை நம்ப வேண்டாம். கூட்டைக் கழற்றி உள்ளே போர்ட்டில் எழுதியிருப்பதைப் பாருங்கள். என்னுடையதில் கூட்டில் ஒன்று, உள்ளே வேறொன்று.

கொழுவினேன். ஓபன்ஓசிடி மென்பொருள் சிப் இல்லை என்றது. வயரைச் சரிபார்த்தேன், வேகத்தைக் குறைத்தேன், மீண்டும் இல்லை. கடைசியில் மீற்றரை வோல்ட்டில் போட்டுக் குளொக் ஓட்டையில் வைத்தபோது எண் 3.3 க்கும் 0 க்கும் இடையில் மாறி மாறித் துடித்தது, செக்கனுக்கு ஒருமுறை. போர்ட்டில் ‘ஓடுகிறது’ என்று காட்டும் பச்சை எல்ஈடியும் அதே தாளத்தில் மின்னியது. விளங்கிவிட்டது. 48 கால் போதாமல், டிபக் குளொக் காலையே எல்ஈடிக்கு எடுத்திருக்கிறார்கள். கரண்ட் வந்து சில மில்லிசெக்கன்களில் புரோகிராம் டிபக் இணைப்பை அணைத்துவிட்டு அந்தக் காலைத் தன் வேலைக்கு எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு எந்தப் புரோப் வந்து கதவைத் தட்டினாலும் பதில் இல்லை.

இதற்கு வழி இருக்கிறது. ரீசெற் காலைக் கிரவுண்டுக்கு இழுத்துப் பிடித்தபடி இணைவது. ரீசெற்றில் இருக்கும்போது புரோகிராம் ஓடாது, ஆனால் இந்தச் சிப்பின் டிபக் பகுதி விழித்திருக்கும். ‘ரீசெற் விட்டவுடனே முதல் கட்டளையிலேயே நில்’ என்று சிப்பிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டு ரீசெற்றை விடவேண்டும். சிப் நிற்கும், டிபக் இணைப்பை அணைக்கும் வரிக்குப் போகவே போகாது.

நகலின் ரீசெற் பின்னை ஐந்தாவது ஓட்டையில் கொழுவினேன். மாற்றமில்லை. மென்பொருள் ரீசெற்றை இழுக்கும்போது அந்தப் பின்னில் மீற்றரை வைத்துப் பார்த்தேன்: 3.3 இல் அசையாமல் நின்றது. இந்த நகல்கள் பலவற்றில் அந்தப் பின் பழைய எஸ்ரிஎம்8 சிப்புகளுக்கு மட்டும்தான் வேலை செய்யும், எஸ்டபிள்யூடிக்கு அல்ல. சாமணத்தால் ரீசெற்றைக் கிரவுண்டோடு பிடித்து, மற்றக் கையால் எண்டர் தட்டி, விட்டுப் பார்த்தேன். இருபதில் ஒரு தடவை பிடித்தது, வாசிப்பு நடுவில் அறுந்தது.

பூட் காலை 3.3 க்குத் தூக்கினால் சிப் தன் சொந்த பூட்லோடருக்கு, அதாவது தனக்குள்ளேயே இருக்கும் தொடக்கப் புரோகிராமுக்குப் போகும், இன்வேர்ட்டரின் புரோகிராம் ஓடாது, அப்போதும் வாசிக்கலாம். தெரியும். இந்தப் போர்ட்டில் அந்தக் கால், 44 ஆவது, ரெசிஸ்ரர் ஒன்றும் இல்லாமல் நேரே கிரவுண்ட் செம்பில் ஒட்டியிருக்கிறது. அதைத் தூக்கச் சோல்டரிங் அயனை வைக்கவேண்டும். அடுத்தவருடைய, ஓடுகிற போர்ட்டில், விடிய மூன்று மணிக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு எச்சரிக்கையும் இங்கே. வாசிக்க முடியாமல் போனால் சில மென்பொருள்கள் ‘வாசிப்புப் பாதுகாப்பை நீக்கவா’ என்று கேட்கும். உண்மையில் பாதுகாப்புப் போட்ட சிப்பில் ஓம் என்று அழுத்தினால், பாதுகாப்பை நீக்கும்போதே முழு ஃபிளாஷையும் அழித்துவிடும். அது பழுதல்ல, சிப்பை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். நித்திரைக் கண்ணோடு அந்தப் பெட்டிக்குப் பதில் சொல்லக்கூடாது.

ஆறரைக்கு அண்ணையின் போர்ட்டைத் திரும்பப் பூட்டிக் கொடுத்தேன். பம்பு ஓடியது. அடுத்த இரண்டு கிழமையும் எந்தப் புரோப் என்ற யோசனைதான்.

பலரும் முதலில் கேட்பது வேகம். 64 கிலோபைட்டை 500 கிலோஹேர்ட்ஸில் வாசித்தாலும் சில செக்கன்தான். அதற்காக விலை கொடுக்கத் தேவையில்லை. தெரியாத போர்ட் ஒன்றைத் திறக்கப்போகிறவருக்கு வேறு மூன்று விடயம் முக்கியம் என்பது அந்த இரவு எனக்குப் படிப்பித்தது. ரீசெற் கால் உண்மையிலேயே இழுக்கவேண்டும். போர்ட்டின் மின்னழுத்தத்துக்குப் புரோப் ஒத்துப்போகவேண்டும். மூன்றாவது, சிப்போடு புரோப் பேசும் பேச்சை அது எங்களிடமிருந்து மறைக்கக்கூடாது.

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். எஸ்ரி-லிங்க் பழைய முறையில் ஒரு மேலாளர் மாதிரி. ‘இந்த முகவரியை வாசி’ என்றால் வாசித்துத் தரும். கீழே வயரில் என்னென்ன பரிமாற்றம் நடந்தது என்பது அதன் சொந்த விடயம். வழக்கமான வேலைக்கு அது போதும். வாசிப்புப் பாதுகாப்புப் போட்ட சிப்பில் போதாது. நோர்டிக் நிறுவனத்தின் என்ஆர்எஃப்52 சிப்பில் பாதுகாப்புப் போட்டிருந்தால் அதன் சாதாரண வாசல் மூடியிருக்கும், ‘கட்டுப்பாட்டு வாசல்’ என்ற தனி வாசல் மட்டும் பதில் சொல்லும். பழைய முறையில் எஸ்ரி-லிங்கால் அந்த வாசலுக்குப் போகவே முடியாது. சிப் செத்துவிட்டது என்று நினைத்துத் தூக்கி எறிவோம். புதிய ஓபன்ஓசிடியில் எஸ்ரி-லிங்குக்கும் நேரடி முறை ஒன்று வந்திருக்கிறது, அதற்குப் புரோப்பின் உள்மென்பொருளும் புதிதாக இருக்கவேண்டும். நகலில் அதைப் புதுப்பிப்பது எனக்கு நம்பிக்கையான வேலையாகத் தெரியவில்லை. 2017 இல் ஜேர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வாளர்கள் எஸ்ரிஎம்32 எஃப்0 வகையின் முதல்நிலை வாசிப்புப் பாதுகாப்பை எஸ்டபிள்யூடி வழியாகவே உடைத்துக் காட்டினார்கள். விலை கூடின கருவி ஒன்றும் பாவிக்கவில்லை. ஒவ்வொரு பரிமாற்றத்தையும் ரீசெற்றையும் தாங்களே கட்டுப்படுத்தும்படி ஒரு மலிவான போர்ட்டுக்கு நிரல் எழுதினார்கள். விலையைவிடக் கட்டுப்பாடு பெரிது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

மற்றப் புரோப்புகளில் ஜே-லிங்க் மிக நல்ல கருவி. மாணவர் பதிப்பு மலிவு, ஆனால் வருமானத்துக்குப் பாவிக்க அதன் உரிமம் இடம்கொடாது. நான் திருத்தத்துக்குச் சில நேரம் காசு வாங்குகிறவன், ஆகவே அது எனக்குரியதல்ல. ஒன்லைனில் விற்கும் ஜே-லிங்க் நகலை எடுக்கவே வேண்டாம்: அந்தக் கருவியின் பாதி மதிப்பு அதன் மென்பொருள், அந்த மென்பொருளே நகலைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். பிளக் மஜிக் புரோப்பில், டிபக் கட்டளைகளை ஏற்று நடத்தும் ஜிடிபி சேர்வர் கருவிக்குள்ளேயே இருக்கிறது, ஓபன்ஓசிடியே தேவையில்லை. ஆசைப்பட்டேன், அதை யாழ்ப்பாணம் வரை எடுப்பித்து முடிய வரும் செலவைப் பார்த்து விட்டுவிட்டேன். அசல் எஸ்ரி-லிங்க் வேண்டுமென்றால் மலிவான வழி, எஸ்ரிஎம்32 பழகுவதற்கான நியூக்ளியோ போர்ட் ஒன்றை வாங்குவது. அதன் தலைப்பகுதியில் இருப்பது அசல் எஸ்ரி-லிங்க்தான். இரண்டு ஜம்பரைக் கழற்றிவிட்டால் ஆறு பின் வழியாக வெளிப் போர்ட்டைப் பார்க்கலாம், அதில் ரீசெற்றும் உண்டு. எஸ்ரிஎம்32 மட்டும்தான் தொடுவேன் என்கிறவருக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

எனக்கு எல்லா வகைச் சிப்பும் மேசைக்கு வரும். அதனால் ஆர்ம் நிறுவனத்தின் திறந்த தரமான சிம்சிஸ்-டாப் பக்கம் போனேன். இந்தத் தரத்தில் புரோப் வெறும் கை; சிப்போடு பேசும் ஒவ்வொரு சொல்லையும் கொம்பியூட்டர்தான் தீர்மானிக்கும். ராஸ்பெரி பை நிறுவனம் 2023 இல் 12 டொலருக்கு இப்படியொரு புரோப் விட்டது. அழகான பெட்டி, ஆனால் அதன் டிபக் சொக்கற்றில் மூன்று பின்தான்: குளொக், கிரவுண்ட், தரவு. ரீசெற் இல்லை. என் இரவு முழுவதையும் தின்றது அந்த ஒரு பின். அதே உள்மென்பொருளை அதே நிறுவனத்தின் சின்ன மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட்டான 4 டொலர் பிக்கோவிலும் போடலாம், அங்கே எல்லாக் காலும் வெளியே இருக்கிறது.

அக்காவின் மகன் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிறான். சனிக்கிழமை வரும்போது ஒரு பிக்கோ கொண்டு வந்தான். பட்டனை அமத்திக்கொண்டு யூஎஸ்பியில் செருகினால் பென்ட்ரைவ் மாதிரித் தெரியும், கோப்பை இழுத்துப் போட்டால் புரோப் ஆகிவிடும். ஜிபி2 என்ற கால் குளொக், ஜிபி3 தரவு.

“மாமா, ரீசெற் கால் இதிலை ஓஃப் பண்ணிக் கிடக்கு. மூலநிரலிலை ஒரு இடம் மாத்தினால் ஜிபி1 காலிலை வரும்.”

“மாத்தித் திருப்பிக் கட்டேலுமோ?”

“தேத்தண்ணி குடிக்கிறதுக்குள்ளை.”

கட்டினான். அண்ணையின் வீட்டுக்குப் போகமுன், பழைய எஃப்103 போர்ட் ஒன்றில் ஒத்திகை பார்த்தோம். வேண்டுமென்றே டிபக்கை அணைக்கும் இரண்டு வரிப் புரோகிராமை அதில் எழுதி, நகல் எஸ்ரி-லிங்கால் இணைய முடியாது என்று உறுதிப்படுத்தி, பிக்கோவால் ரீசெற்றைப் பிடித்தபடி இணைந்தோம். ரீசெற் பின் கீழே இழுக்கிறதா, விட்டதும் போர்ட்டின் சொந்த ரெசிஸ்ரர் அதை மேலே தூக்குகிறதா என்று மீற்றரிலும் பார்த்தேன். புரோப் அதை மேலே தள்ளக்கூடாது, இழுத்து விடமட்டும்தான் வேண்டும். பிக்கோவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கு மட்டும் உரியவை என்பதும் நினைவிருக்கட்டும். 5 வோல்ட் போர்ட்டிலோ 1.8 வோல்ட் போர்ட்டிலோ நேரடியாகக் கொழுவக்கூடாது, நடுவில் மின்னழுத்தத்தை ஒத்துப்போக மாற்றும் லெவல் ஷிஃப்டர் வேண்டும்.

இரண்டாவது இரவு, அண்ணையின் போர்ட் திரும்பவும் மேசையில். பல்ப், கபாசிற்றர், பென்ச் சப்ளை, எல்லாம் அதே ஒழுங்கு. கட்டளை கொடுத்தேன். பச்சை எல்ஈடி மின்னவில்லை. அந்த மின்னாமையைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று எழுத்தில் சொல்ல முடியாது: சிப் முதல் கட்டளையில் நின்றுகொண்டிருக்கிறது. வாசிப்புப் பாதுகாப்பு நிலையைப் பார்த்தேன், போடவில்லை. பதினறும எண்ணில் 08000000 முகவரியிலிருந்து 65536 பைட்டையும் இறக்கினேன்.

முதல் வரி இப்படி இருந்தது: 28 14 00 20, 45 01 00 08. பைட்டைப் பின்னாலிருந்து சேர்த்து வாசிக்கவேண்டும். முதலாவது 20001428. 20 இல் தொடங்குவது ரேம். புரோகிராம் தற்காலிகக் கணக்குகளை அடுக்கி வைக்கும் ஸ்ராக் தொடங்கும் இடம், இந்தச் சிப்பின் 20 கிலோபைட் ரேமுக்குள் ஒழுங்காக விழுகிறது. இரண்டாவது 08000145. 08 இல் தொடங்குவது ஃபிளாஷ். ரீசெற்றுக்குப் பிறகு புரோகிராம் முதலில் ஓடும் இடம். கடைசி இலக்கம் ஒற்றை எண்ணாக இருப்பது இந்தச் சிப் பேசும் தம்ப் கட்டளைத் தொகுதியின் அடையாளம். இந்த எட்டுப் பைட்டும் சரியென்றால் நீங்கள் வாசித்தது புரோகிராம்தான். எல்லாம் 00 அல்லது ஒரே பைட் திரும்பத் திரும்ப வந்தால் வெறுங்கை.

சரியாக இருந்தது. இரண்டாம் முறையும் வாசித்து ஒப்பிட்டேன். மூன்று பைட் வித்தியாசம். 64 கிலோபைட்டில் மூன்று பைட் என்று விடமுடியாது. அந்த மூன்றில் ஒன்று மோட்டருக்குப் போகும் துடிப்பின் கணக்காக இருந்தால், மோட்டரின் உயர் மின்சாரத்தை வெட்டிவிடும் ஐஜிபிரி ரான்சிஸ்ரர் வெடிக்கும். வயர் 30 சென்ரிமீற்றர் நீளம், வேகம் 4 மெகாஹேர்ட்ஸ். வயரை 10 சென்ரிமீற்றராக வெட்டி, குளொக் வயரோடு கிரவுண்ட் வயரை முறுக்கி, வேகத்தை 500 கிலோஹேர்ட்ஸுக்கு இறக்கினேன். மூன்று முறை வாசித்தேன், கரண்ட்டை நிறுத்திப் போட்டு இன்னும் இரண்டு முறை. ஐந்தினதும் ஷா-256, அதாவது கோப்பின் கைரேகை மாதிரியான எண், ஒன்றே. சிப்பின் அமைப்புகள் இருக்கும் 16 ஒப்ஷன் பைட்டையும் தனியாக எடுத்துக்கொண்டேன். பலர் அதை மறந்துவிட்டு, எழுதிய சிப் ஏன் ஓடவில்லை என்று தலையைப் பிய்ப்பார்கள்.

சில தயாரிப்பாளர்கள் ஒவ்வொரு சிப்பிலும் இருக்கும் 96 பிட் தனி அடையாள எண்ணைப் புரோகிராமுக்குள் சோதிப்பார்கள், எண் மாறினால் ஓடாது. புரோகிராமைப் பிரித்துக் காட்டும் கீத்ரா மென்பொருளில் கோப்பைத் திறந்து அந்த முகவரியை யாராவது வாசிக்கிறார்களா என்று தேடினேன். ஒருவரும் இல்லை. இதற்கு மேல் அந்தப் புரோகிராமைக் கிண்டவில்லை. பெரியப்பாவுக்கு வேண்டியது தன் இயந்திரம் திரும்ப ஓடுவது, அவ்வளவுதான்.

ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்க அண்ணையின் போர்ட் அதன் இடத்தில்.

ஸ்ரான்லி வீதிப் பக்கம் வாங்கிய முதல் சிப்பைப் புரோப்பில் கொழுவியதும் ஓபன்ஓசிடி மறுத்தது. அசல் எஃப்103 இன் அடையாள எண் 1 இல் தொடங்கவேண்டும், இது 2 இல் தொடங்கியது. மேலே அச்சு அசலேதான், உள்ளே வேறு தயாரிப்பு. மென்பொருளிடம் ‘பரவாயில்லை, 2 ஐ ஏற்றுக்கொள்’ என்று சொல்லி எழுதலாம், பல வேலைக்கு ஓடும். 300 வோல்ட்டை வெட்டி மோட்டர் ஓட்டும் போர்ட்டில் நான் வைக்கமாட்டேன். அசல் சிப்பைக் கொழும்பிலிருந்து எடுப்பிக்க இன்னும் ஒன்பது நாள் போனது. ஹொட் எயாரால் பழையதை எடுத்து, ஃபிளக்ஸ் போட்டுப் புதியதை வைத்து, எழுதி, எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிட்டேன். 3.3 வோல்ட் கொடுத்ததும் பச்சை எல்ஈடி செக்கனுக்கு ஒருமுறை மின்னத் தொடங்கியது. பெரியப்பா மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பனலில் பூட்டும்போது லைனில் இரண்டு 100 வோட் பல்ப்பைத் தொடராக வைத்தேன். எங்கேயாவது ஷோர்ட் மிச்சமிருந்தால் பல்ப் எரியும், ஐஜிபிரி தப்பும். பல்ப் ஒரு கணம் சிவந்து அணைந்தது; கபாசிற்றர் நிரம்பியது அவ்வளவே. பல்ப்பை எடுத்துவிட்டு நேரே பூட்டினோம். கிணற்றுத் தண்ணீர் வாய்க்காலில் முதல் வாழைப்பாத்திக்குப் போய்ச் சேரும்வரை ஒருவரும் பேசவில்லை.

கோப்பையும் ஒப்ஷன் பைட்டையும் ஷா எண்ணையும் ஒரு சின்ன பென்ட்ரைவில் போட்டு, பொலித்தீனில் சுற்றி, திகதி எழுதிப் பெரியப்பாவின் இன்வேர்ட்டர் மூடிக்குள் ஒட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அண்ணை பார்த்துக்கொண்டிருந்தவர்.

“தம்பி, உதிலை ஒரு கொப்பி எனக்கும் கிடக்கோ?”

“இது உங்கடையிலை இருந்து எடுத்ததுதானே அண்ணை” என்று மற்றப் பென்ட்ரைவை வேலிக்கு மேலால் நீட்டினேன்.